மறுமொழி: கிடார் கட்டுற ‘சோலெரா’வுக்கு தமிழ்ச்சொல், பணிப்பலகை போதுமா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

இழை முழுக்க படிச்சேன். சோலெராவுக்கு, அதாவது கிடாரை மேல படுக்கப் போட்டுக் கட்டுற பலகைக்கு, பணிப்பலகைன்னே வச்சுடலாம்னு முடிவாகிற மாதிரி தெரியுது, கலைச்சொல் பட்டியல்ல ஏத்தறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இந்தச் சொல்லைப் படிச்சுட்டு கிடார் செய்ய வர்ற ஒரு பையன் கடைக்குப் போயி தட்டையா ஒரு பலகைய வாங்கிட்டு வந்து அது மேல வேலைய ஆரம்பிச்சுட்டான்னா பாடியும் கழுத்தும் எந்தக் கோணத்துல சேரணும்ங்கறதே அவனுக்கு தெரியாமப் போயிடும்.

> சோலெரான்னா வேலை செய்யறதுக்கு ஒரு பலகை, அவ்வளவுதானே. பணிப்பலகை எளிமையா இருக்கே.

எளிமையா இருக்குங்கண்ணா, ஆனா வேற பொருளுக்குப் போயிடுது. இங்க செவ்வாய்ப்பேட்டை பக்கம் எந்த ஆசாரிகிட்ட போயி பணிப்பலகைன்னு சொன்னாலும் அவரு பட்டறை மேஜையத்தான் நெனைப்பாரு. சோலெரா அது இல்லைங்க. 18 மி.மீ. ப்ளைவுட் ரெண்டு ஒட்டி கிடார் பாடி வடிவத்துக்கே வெட்டுறது, சுத்திலும் ஒரு இஞ்ச் கூடுதலா விட்டு, கழுத்து வர்ற பக்கம் மட்டும் வால் மாதிரி நீட்டி விடணும். ஸ்பானிஷ் முறையில கிடாரை குப்புறப் போட்டுத்தான் கட்டுவாங்க. முகப்பலகை முதல்ல இது மேல படுக்கும், அதோட கழுத்தை ஒட்டுவாங்க, கழுத்தோட அடிக்கட்டையில ரெண்டு பக்கமும் போட்ட வெட்டுல வளைச்ச பக்கப்பலகை வந்து சொருகும், உள்ள ஓரத்துல குட்டிக் குட்டிக் கட்டையா ஒவ்வொண்ணா ஒட்டிட்டு கடைசியில முதுகுப்பலகை போட்டு மூடுவாங்க. ஆக ஆரம்பத்துலருந்து முதுகு மூடுற வரைக்கும் அந்தக் கிடாரோட அளவு மொத்தத்தையும் பிடிச்சு வச்சிருக்கறது இந்தப் பலகை ஒண்ணுதான்.

அதுல ரெண்டு சங்கதி இருக்கு. ஒண்ணு குழி. குதிரை (தந்தியைத் தாங்கற பிரிட்ஜ்) ஒட்டுற எடத்துக்கு நேரா ரெண்டுலருந்து மூணு மி.மீ. ஆழத்துக்கு பலகையை குடைஞ்சு, ஓரத்துக்கு வரவர ஏத்தி சமமாக்கிடணும், ஒலித்துளைக்கு மேல கழுத்துப் பக்கம் தட்டையாவே விட்டுடணும். நைலான் தந்தி ஆறும் சேர்ந்து கிட்டத்தட்ட 40 கிலோ இழுக்கும், முகப்பலகையோ ரெண்டு, ரெண்டரை மி.மீ. தடிமன்தான், வெளிய லேசா புடைச்ச மாதிரி இருந்தாத்தான் அந்த இழுப்பைத் தாங்கும். முகப்பலகைக்கு அடியில விசிறி மாதிரி பரப்பி ஒட்டுற விசிறிக் கட்டை ஒவ்வொண்ணையும் இந்தக் குழி வளைவுக்கு ஒத்து இழைக்கணும். அதுக்கு குழியில நீல சாக்பீஸை தேச்சு விட்டுட்டு, கட்டையை அதுல வச்சு ஒரு தடவை முன்னும் பின்னும் தள்ளி எடுத்துப் பாருங்க, எங்க மேடா இருக்கோ அங்க மட்டும் நீலம் ஒட்டியிருக்கும், அதை மட்டும் சீவிட்டு மறுபடி வச்சுப் பாக்கணும், நீளம் முழுக்க நீலம் ஒரே சீரா ஏறுற வரைக்கும். அப்படி உக்கார்ந்த கட்டையை மூங்கில் பட்டையை வளைச்சு மேலருந்து அழுத்தி ஒட்டினா முகப்பலகை அந்தப் புடைப்பை அப்படியே பிடிச்சுக்கும்.

ரெண்டாவது வால் பக்கத்துச் சரிவு. நட்டு (கழுத்தோட தலைப் பக்கம் தந்தி உக்கார்ற சின்னக் கட்டை) வர்ற முனையில ஒண்ணுலருந்து ரெண்டு மி.மீ. வரைக்கும் இழைச்சு இறக்கணும். குப்புறக் கிடக்கற கிடார்ல கழுத்து கீழ சாஞ்சா, நிமித்தும்போது தந்திப் பக்கமா முன்னால சாஞ்சிருக்கும். 12ஆம் மெட்டுல (ஃப்ரெட்டுல) தந்தி மூணு, நாலு மி.மீ. உயரத்துல நிக்கறது இந்தச் சாய்வை வச்சுத்தான். நட்டுலருந்து குதிரை வரைக்கும் தந்தி 650 மி.மீ. அளவுள்ள கிடார்ல அந்த ரெண்டு மி.மீ. தப்பினா குதிரைய தேய்ச்சு சரிபண்ண எடமே இருக்காது.

> ஜிக்குன்னே எழுதிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஜிக்குன்னா உளிக்கோ ட்ரில்லுக்கோ வழி காட்டுறது. வேலைப் பொருளை அசையாம பிடிக்கறது ஃபிக்ஸ்சர். லேத்து பட்டறையிலயே இந்த வித்தியாசம் பாப்பாங்க. சோலெரா ரெண்டாவது வகை.

> அச்சு?

அச்சை விட்டுவைங்க அக்கா, அது வேற ஒண்ணுக்கு வேணும். பக்கப்பலகையை வெளியருந்து சுத்திப் பிடிக்கற சட்டம் ஒண்ணு இருக்கு, ஸ்டீல் ஸ்ட்ரிங் கிடார் செய்யறவங்க பெரும்பாலும் அதுலதான் செய்யறாங்க. அதுக்கு அச்சு சரியா பொருந்தும்.

என் முன்மொழிவு கட்டுமணை. வீடு கட்டுறோம், தேர் கட்டுறோம், படகு கட்டுறோம், கிடாரும் துண்டு துண்டா சேர்த்துக் கட்டுறதுதான். மணைன்னா ஒண்ணு மேல உக்காரறதுக்குன்னே செஞ்ச பலகை, அருவாமணையில கத்தி உக்காந்திருக்கற மாதிரி. ஸ்பானிஷ்லயும் சோலெராங்கறது தரைங்கற சொல்லுலருந்து வந்ததுதான், அடியில இருந்து தாங்கறது.

* * *

தம்பி, ஏற்காட்டுலருந்து எழுதறேன்.

குழியும் சரிவும் நீங்க சொன்னது முழுக்க சரி, மணைங்கற சொல்லும் எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா கட்டுமணை வேண்டாம். நம்ம ஆளுங்க பாதிப்பேரு மணையை மனைன்னுதான் எழுதறாங்க. கட்டுமனைன்னு ஆயிடுச்சுன்னா ஓமலூர் ரோட்டுல பிளாட் விக்கற போர்டு மாதிரி ஆயிடும், தேடினா வீட்டு மனை விளம்பரமா வந்து விழும்.

இன்னொண்ணும் பட்டியல்ல விளக்கத்தோட சேர்க்கணும், எங்க ஊரு மாதிரி எடத்துல செய்யறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். இங்க சுமார் 1,500 மீட்டர் உயரம், ஐப்பசி கார்த்திகையில மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்து நிக்கும், அந்த ஈரத்துல முகப்பலகை குறுக்கு வாட்டத்துல ஊதியிருக்கும், அப்ப கட்டையை ஒட்டிட்டு சித்திரை வெயில்ல சேலத்துக்கு இறக்கினா மரம் சுருங்க எடம் இல்லாம வெடிச்சுடும். குழியில புடைச்ச முகப்பலகைன்னா முதல்ல அந்தப் புடைப்பு தாழும், கொஞ்சம் தாங்கும், தட்டையா செஞ்சதுல அந்த வசதி கிடையாது. ஆனா குழி மட்டும் காப்பாத்தாது, ஒட்டுற அன்னிக்கு அறையில ஈரப்பதம் 40லருந்து 50 சதவீதத்துக்குள்ள இருக்கணும். எம்டிஎஃப்ல (மரநாரை அழுத்திச் செய்யற பலகையில) சோலெரா செஞ்சா ஓரமெல்லாம் ஈரம் குடிச்சு உப்பிக்கும், நீங்க இழைச்ச ரெண்டு மி.மீ. சரிவு எங்க போச்சுன்னே தெரியாது. மரைன் ப்ளைவுட்ல செஞ்சு மேலயும் கீழயும் ஒரே மாதிரி அரக்கு மெருகு குடுக்கணும், ஒரு பக்கம் மட்டும் குடுத்தா பலகையே வளைஞ்சுக்கும்.

சொல்லுக்கு, குழிமணைன்னு வச்சா என்ன?

* * *

அக்கா, மனை சங்கதி நியாயம். கட்டுமணையை விட்டுடலாம். ஈரப்பதம் பத்தி நீங்க எழுதினதை அப்படியே விளக்கத்துல சேர்க்கறேன்.

குழிமணையில எனக்கு ஒரு தயக்கம். குழி போடாம தட்டை சோலெராவுலயே செய்யறவங்களும் இருக்காங்க, அந்தப் பலகைக்கும் இதே சொல் ஆகணும். அதனால ஏந்துமணைன்னு வைப்போமா? கிடாரோட முகத்தை குப்புற ஏந்திக்கிட்டு இருக்கறதுதான் அதோட வேலை, குழி இருந்தாலும் இல்லைன்னாலும். மனைன்னு தப்பா எழுதினாலும் வேற எதோடயும் குழம்பாது. தட்டையா இருக்கறது தட்டை ஏந்துமணை, குடைஞ்சது குழி ஏந்துமணை.

கூடவே வர்ற பாகங்களுக்கு வீணை செய்யறவங்க சொல்லையே எடுத்துக்கலாம்னு நெனைக்கறேன், புதுசா உண்டாக்க வேண்டியதில்ல. கழுத்துக்கு தண்டி இருக்கு, பிரிட்ஜுக்கு குதிரை, ஃப்ரெட்டுக்கு மெட்டு. அப்ப வால் பக்கத்துல இழைக்கறது தண்டிச் சரிவு. பக்கப்பலகை செங்குத்தா நிக்க ஓரத்துல சுத்திலும் திருகி வைக்கற எல் கட்டைகளுக்கு காவல்கட்டைன்னு போட்டிருக்கேன், மூலமட்டம் வச்சு 90 பாகை பார்த்துட்டுத்தான் அதை இறுக்கணும்னு பக்கத்துலயே எழுதிடறேன்.

19ஆம் நூற்றாண்டுல அல்மேரியாக்காரரு அந்தோனியோ தே தோர்ரெஸ் வகுத்த பாடி அளவும் ஏழு விசிறிக் கட்டையும்தான் இன்னிக்கும் பெரும்பாலானவங்களுக்கு அடிப்படை, வரைபடத்துல அதையே எடுத்துக்கறேன், 650 அளவுக்கு நட்டுலருந்து 12ஆம் மெட்டு 325 மி.மீ., அந்தக் கோடு ஏந்துமணையில குறுக்கா ஆழமா கீறியிருக்கணும், ஏன்னா பாடியும் தண்டியும் சேர்றது அங்கதான்.

காவல்கட்டைக்கு மட்டும் யாராவது வேற சொல் வச்சிருந்தா சொல்லுங்க, மத்ததெல்லாம் இப்படியே வரைபடத்துல ஏத்தறேன்.