ஃபேக்ஸில் இசிஎம்மை நிறுத்தலாமா, கூடாதா?

நொய்யல் கரையாள்:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் ஜப்பான் பையர் அளவுப் பட்டியலை முத்திரை வைத்து ஃபேக்ஸில்தான் அனுப்புவார். நாங்களும் கையெழுத்திட்டு ஃபேக்ஸில்தான் திருப்பி அனுப்ப வேண்டும். லேண்ட்லைனைச் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றியதிலிருந்து, மூன்று பக்கம் அனுப்பினால் இரண்டாம் பக்கத்தில் அறுந்துவிடுகிறது. அங்கே மாலை ஐந்து மணி என்றால் நமக்கு ஒன்றரை. அதற்குள் போயாக வேண்டும். சர்வீஸுக்கு வந்தவர் "இசிஎம்மை ஆஃப் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது என்னவென்றே தெரியாமல் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

கரூர் ஜவுளிக்காரன்:
தாராளமாக நிறுத்துங்கள் அக்கா. இசிஎம் என்பது பிழை திருத்தும் முறை. பக்கத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, பெரும்பாலும் 256 பைட் அளவில், பிரித்து அனுப்பும். வாங்கும் இயந்திரம் ஒவ்வொன்றையும் சரிபார்த்து, கெட்டுப்போன துண்டை மறுபடி கேட்கும். நல்ல லைனில் அருமையான வசதி. ஃபைபரில் குரல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒன்று தொலைந்தால் நம் காதுக்குத் தெரியாது, ஃபேக்ஸுக்குத் தெரியும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் லைன் அறுந்துவிடும். நான் இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்தினேன். அதன் பிறகு ஒரு பக்கம்கூட அறுந்ததில்லை. எங்காவது ஒரு கோடு விட்டுப்போயிருக்கலாம். ஷிப்மெண்ட் நாளில் பக்கமே போகாமல் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பீளமேடு பழைய மெக்கானிக்:
தம்பி, அந்த ஒரு கோட்டில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா?

ஃபேக்ஸ் பக்கத்தை மெல்லிய கிடைக்கோட்டு வரிகளாகப் படித்துத்தான் அனுப்பும். இசிஎம் இல்லாதபோது கெட்டுப்போன வரியைத் திரும்பக் கேட்க வழியில்லை. பல இயந்திரங்கள் மேல் வரியையே இன்னொரு முறை போட்டுவிடும், அல்லது அதை விட்டுவிடும். கெட்ட வரிகள் அதன் வரம்புக்குள் இருந்தால் "வந்து சேர்ந்தது" என்றே பதில் சொல்லும். உங்கள் ரிப்போர்ட்டில் ஓகே என்று விழும். அந்த ஓகே பக்கம் போனதற்குத்தான். எண் சரியாகப் போனதற்கு அல்ல.

ஸ்டாண்டர்ட் முறையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 3.85 வரிகள். அரை மில்லிமீட்டர் தசமப் புள்ளி இரண்டே வரிகளில் முடிந்துவிடும். 1990களில் நான் சர்வீஸ் செய்த ஒரு கம்பெனியில் கை நீளம் 21.5 என்று வந்த தாளில் புள்ளி இல்லை. 21, ஓர் இடைவெளி, பிறகு 5. ஐந்தை ஏதோ அடிக்குறிப்பு எண் என்று நினைத்து 21க்கே கட்டிங் போட்டுவிட்டார்கள். மேஜையில் அடுக்கியிருந்த துணி முழுவதும் போயிற்று. அந்தத் தாளை என் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

கரூர் ஜவுளிக்காரன்:
அதற்குத்தான் ஃபைன் முறை இருக்கிறதே அண்ணா? மில்லிமீட்டருக்கு 7.7 வரிகள்; புள்ளிக்கு நான்கு வரி கிடைக்கும்.

பீளமேடு பழைய மெக்கானிக்:
கிடைக்கும். அளவுப் பட்டியலுக்கு ஃபைன் கட்டாயம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வரி இரட்டித்தால் நேரமும் கூடுகிறது. மோசமான லைனில் அதிக நேரம் நிற்க வேண்டும்.

உங்களுக்கு ஏன் சரியாயிற்று என்று சொல்கிறேன். இயந்திரத்தின் மேல் சூப்பர் ஜி3 என்று போட்டிருக்கிறதா? அது வி.34 மோடம், நொடிக்கு 33,600 பிட் வரை போகும். இசிஎம் இல்லாமல் அது ஓடாது. இசிஎம்மை நிறுத்தியதும் உங்கள் இயந்திரம் தானாகவே 14,400க்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருக்கும். உங்களைக் காப்பாற்றியது அந்த வேகக் குறைப்புதான். அம்மணி, நீங்கள் இசிஎம்மை அப்படியே விடுங்கள். சூப்பர் ஜி3யை நிறுத்தி, வேகத்தை 9,600க்கு இறக்குங்கள். ஃபைபர் பெட்டியில் டி.38 இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஃபேக்ஸை இணையத்தின் வழியே கொண்டுபோகவே வகுத்த முறை அது.

ஈரோடு மஞ்சள் மண்டி:
நடுவே ஒரு வார்த்தை. ஃபேக்ஸ் வாங்கும் இயந்திரம் வெப்பத்தாளில் அச்சிடுவதாக இருந்தால், வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்த எங்கள் பழைய விலை ஒப்பந்தங்கள் வெள்ளைத்தாளாகிவிட்டன.

கரூர் ஜவுளிக்காரன்:
வேகம் பற்றி அண்ணன் சொன்னது எனக்குத் தெரியாதது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லைன் நிஜமாகவே பொட்டலங்களைத் தொலைக்கும்போது 9,600ம் கை கொடுக்காது. நான்கு முறை கேட்டும் துண்டு தேறாவிட்டால் அனுப்பும் இயந்திரம் வேகத்தைக் குறைக்கப் பார்க்கும், இல்லையென்றால் விட்டுவிடும். அந்த நிலையில் நான் இசிஎம்மை நிறுத்தத்தான் செய்வேன். அனுப்பிய கையோடு போனில் எண்களைப் படித்துச் சரிபார்ப்பேன்.

நொய்யல் கரையாள்:
இன்று செய்து பார்த்தேன். சூப்பர் ஜி3 இல்லை, 9,600, இசிஎம் உண்டு, ஃபைன். மூன்று பக்கமும் அறுபடாமல் போய்விட்டன. முன்பைவிட நேரம் பிடித்தது. கரூர் அண்ணன் சொன்னபடி போன் செய்து, தசமப் புள்ளி உள்ள பதினோரு அளவுகளையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன், எல்லாம் சரி. பக்கத்தின் தலையில் விழும் வரியில் தேதி மட்டும் ஜனவரி 1 என்று இருந்ததாம். இயந்திரத்தின் கடிகாரத்தை யாரும் வைக்கவே இல்லை. இப்போது வைத்துவிட்டேன்.

கரூர் ஜவுளிக்காரன்:
மகிழ்ச்சி அக்கா. இன்று இரவு என் லைனில் ஒரே அளவுப் பட்டியலை இரண்டு விதமாகவும் பத்துப் பத்து முறை அனுப்பிப் பார்க்கிறேன். எத்தனை அறுந்தன, எத்தனை புள்ளிகள் தொலைந்தன என்று எண்ணி நாளை இங்கே எழுதுகிறேன்.