எண்பது ஆண்டு பழைய குண்டு தானாக வெடிக்குமா?

கடற்கோள் எழுதியது:
லண்டன் குண்டுவீச்சு பற்றிய இழையில் செம்பியன், "உலகப் போர்க் குண்டுகளின் ஃபியூஸ்கள் எல்லாம் எப்போதோ செத்துவிட்டன, யாராவது சீண்டினாலொழிய அவை வெடிக்கமாட்டா" என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஃபியூஸ் என்பது குண்டை வெடிக்கவைக்கும் பொறி. 1945 மார்ச் 15 அன்று பெர்லினுக்கு வடக்கே உள்ள ஒரானியன்பர்க் நகரின் மீது 600க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் பெரும்பகுதி, விழுந்தவுடன் வெடிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து, இடிபாடுகளை அகற்ற ஆள்கள் வந்து நிற்கும் வேளையில் வெடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் வாலில் இருக்கும் ஃபியூஸில் மின்சாரமும் இல்லை, கடிகாரமும் இல்லை. குண்டு விழும்போது காற்றாடி சுழன்று ஒரு திருகை உள்ளே செலுத்தும். திருகு அசிட்டோன் நிறைந்த கண்ணாடிக் குப்பியை உடைக்கும். அசிட்டோன் செல்லுலாய்டு வட்டை இளக்கும். வட்டு விட்டுக்கொடுத்ததும், அது தடுத்து வைத்திருந்த ஊசியைச் சுருள்வில், முதல் வெடியைக் கிளப்பும் டெட்டனேட்டரின் மீது பாய்ச்சும். வெடிக்காத குண்டுகளில் அந்த வட்டு இன்னும் ஊசியைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதில் செத்தது எது என்று செம்பியன் சொல்லட்டும்.

செம்பியன் எழுதியது:
நான் எழுதியது ஜெர்மானியக் குண்டுகளைப் பற்றி. ரைன்மெட்டால் நிறுவனத்தில் ரூலமன் உருவாக்கிய மின்சார ஃபியூஸ், விமானத்திலிருந்து விடுபடும் நொடியில் மின்தேக்கியில் மின்னூட்டம் பெறுகிறது. அந்த மின்னூட்டம் நாளடைவில் கசிந்து தீர்ந்துவிடும் என்பது பள்ளி மாணவனுக்கும் தெரியும். சரி, உங்கள் வட்டுக்கே வருகிறேன். இதே அசிட்டோன் வகையான, பிரிட்டனின் 37ஆம் எண் ஃபியூஸுக்கு மிக அதிகத் தாமதம் 144 மணி நேரம். 144 மணி நேரத்தில் கரையாத வட்டு எண்பது ஆண்டு கழித்துக் கரையும் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் கைகட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டுமா?

கடற்கோள் எழுதியது:
கைகட்ட வேண்டாம், கவனித்துப் படித்தால் போதும். "உலகப் போர்க் குண்டுகள் எல்லாம்" என்று எழுதிவிட்டு, இப்போது ஜெர்மானியக் குண்டுகளை மட்டும் சொன்னதாகச் சுருக்குகிறீர்கள். வட்டு ஏன் அன்றே கரையவில்லை? ஒரானியன்பர்க்கின் இளகிய மணலுக்குள் பாய்ந்த குண்டுகள் பல, அடியில் உள்ள கெட்டியான அடுக்கில் மோதித் திரும்பி, மூக்கு மேலும் வால் கீழுமாக நின்றுவிட்டன. அதனால் அசிட்டோன் வட்டை நனைக்காமல் எதிர்ப்பக்கம் வடிந்துவிட்டது. நனையாத வட்டு உறுதியாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். செல்லுலாய்டு தானே சிதையும் பொருள். பழைய திரைப்படச் சுருள்களைப் பாதுகாப்பவர்களைக் கேளுங்கள். 2019 ஜூனில் ஜெர்மனியின் லிம்பர்க் அருகே ஆல்பாக்கில், வாற்கோதுமை வயலொன்றில் 250 கிலோ குண்டு அதிகாலையில் வெடித்தது. சுமார் 10 மீட்டர் அகலமும் 4 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் விழுந்தது. அந்நேரத்தில் அதைச் சீண்டியவர் யார்?

நிலாமுற்றம் எழுதியது:
"தானாக" என்றால் என்ன என்பதை இருவரும் முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. கட்டுமான அதிர்வும் நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கமும் அதில் அடங்குமா, அடங்காதா?

செம்பியன் எழுதியது:
ஆல்பாக்கில் அந்த வட்டை யாராவது எடுத்துக் காட்டினார்களா? பள்ளம் இருக்கிறது, வட்டு இல்லை. வயல் என்றால் ஆண்டுதோறும் உழுதிருப்பார்கள், டிராக்டர் ஓடியிருக்கும். வட்டைக் காட்டாமல் வட்டின் மீது பழி போடுவது வரலாறு ஆகாது.

பூவரசு எழுதியது:
வட்டு, வட்டு என்று எத்தனை பதிவுகள்! ஜெர்மானியர்கள் 17ஆம் எண் கடிகார ஃபியூஸுக்கு அடியில் சுஸ் 40 என்ற பொறியை வைத்தார்கள். ஃபியூஸை உருவினால் குண்டு வெடிக்கும். அதைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. 1940 செப்டம்பரில் ஸ்வான்சி அருகே லாண்டார்சி எண்ணெய் ஆலையில் பிரிட்டிஷ் குண்டு செயலிழப்பு அதிகாரி ஆர்ச்சர் உயிரைப் பணயம் வைத்து அந்தப் பொறியை வெளியே எடுத்தார். 1941 மே மாதத்தில் லண்டன் அருகே எரித் சதுப்பு நிலத்தில், குண்டுகளைச் செயலிழக்கச் செய்துவந்த சஃபோக் பிரபு, 17ஆம் எண்ணும் அசைத்தால் வெடிக்கும் 50ஆம் எண்ணும் சேர்ந்த குண்டொன்றால் உயிரிழந்தார். கொடுமையைத் தொடங்கியவர்களை விட்டுவிட்டு, பதிலடி கொடுத்தவர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது கடற்கோளுக்கு வழக்கமாகிவிட்டது.

கடற்கோள் எழுதியது:
நான் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஆனாலும் பூவரசு கேட்டதால் சொல்கிறேன்: 37ஆம் எண் ஃபியூஸையும் திருகிக் கழற்ற முயன்றால் ஊசி விடுபடும்படிதான் அமைத்தார்கள். செயலிழக்கச் செய்ய வருபவனைக் கொல்வது இரு தரப்பும் கற்றுக்கொண்ட தொழில். 2010 ஜூன் 1 அன்று ஜெர்மனியின் கெட்டிங்கனில் இதே வகை ரசாயன ஃபியூஸ் கொண்ட குண்டு, செயலிழக்கச் செய்யும் பணி தொடங்கும் முன்பே வெடித்து மூன்று பேரைக் கொன்றது. போர் முடிந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இறந்தவர்கள் அவர்கள். "ஃபியூஸ் செத்துவிட்டது" என்ற வாக்கியம் என்னை இவ்வளவு சினமூட்டுவதற்குக் காரணம் அதுதான். ஒரானியன்பர்க்கில் இன்றும் மக்கள் அந்தக் குண்டுகளின் மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

செம்பியன் எழுதியது:
கெட்டிங்கனில் அந்தக் குண்டைத் தோண்டி வெளிப்படுத்தியிருந்தார்கள். அது சீண்டல் இல்லையா? என் வாக்கியம் அப்படியே நிற்கிறது. வட்டைக் காட்டுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:
இதற்காகத்தான் வரையறையைக் கேட்டேன்.

பூவரசு எழுதியது:
"இரு தரப்பும்" என்று சமன் செய்வதை ஏற்க முடியாது. முதலில் செய்தது யார்?

கடற்கோள் எழுதியது:
செம்பியனுக்கு மட்டும் பதில். சென்ற ஆண்டு, கப்பலின் காந்தப்புலத்தால் வெடிக்கும் காந்தக் கடற்கண்ணி பற்றிய இழையிலும் இதே பிடிவாதம்தான். 1939 நவம்பரில் இங்கிலாந்தின் ஷூபரினெஸ் சேற்றில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஓவ்ரி பிரித்த ஜெர்மானியக் கண்ணியை 1940க்குத் தள்ளிவைத்துவிட்டு, ஆறு பக்கம் வாதாடினீர்கள். இப்போது, வெடித்துச் சிதறிய குண்டிலிருந்து ஒரு மெல்லிய செல்லுலாய்டு வட்டை எடுத்துக் காட்டச் சொல்கிறீர்கள். வெடிக்கும் முன் கைக்குக் கிடைத்த ஃபியூஸ்களில் வட்டு எந்த நிலையில் இருந்தது என்று கேட்டால், அது விசாரணை. வெடித்த பிறகு வட்டைக் கேட்பது வம்பு.

செம்பியன் எழுதியது:
கடற்கண்ணியை இங்கே இழுப்பதிலிருந்தே உங்களிடம் வட்டு இல்லை என்பது தெரிகிறது. உழுத வயல், தோண்டிய குழி. இவை இரண்டும் இல்லாத ஓர் இடத்தைச் சொல்லுங்கள், அதன் பிறகு பேசலாம்.

கடற்கோள் எழுதியது:
அதிகாலையில் உழுதவர் யார் என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.