ஜேம்ஸ் கத்ரியின் ஓவியங்களை நேரில் பார்த்தபோது

ஸ்காட்லாந்து ஓவியர் கத்ரியின் ஓர் ஓவியத்தை நான் பார்த்தது கிளாஸ்கோவின் கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்தில். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் நடக்கும் ஓர் இறுதிச் சடங்கு. பிரிக் ஓ டர்க் என்ற சிற்றூரில் ஒரு சிறுவன் ஆற்றில் மூழ்கி இறந்ததை வைத்துக் கத்ரி வரைந்தது. 1882இல் முடித்தபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர், ஓவியக் கல்லூரிக்கும் போகாதவர்.

வீட்டு வாசலில் நாற்காலிகளின் மேல் சவப்பெட்டி. தரையெல்லாம் பனி. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும் ஆண்கள். யாரும் கதறவில்லை. கறுப்புக் கோட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிட, முகங்கள் மட்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒவ்வொரு முகத்தையும் பார்த்து முடிக்காமல் என்னால் நகர முடியவில்லை.

---

கெல்விங்ரோவ் ஓவியம் பற்றி மேலே எழுதியவருக்கு நன்றி. எடின்பரோ போனால் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் கத்ரியின் முட்டைக்கோஸ் தோட்டத்துப் பெண் ஓவியத்தையும் பாருங்கள். 1883இல், காக்பர்ன்ஸ்பத் கிராமத்தில் தங்கியிருந்தபோது வரைந்தது. பண்ணையாள் ஒருவரின் மகள், கையில் கத்தியோடு, குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறாள். பரிதாபம் தேடும் பார்வை இல்லை, வேலையை நிறுத்திவிட்டு 'என்ன?' என்று கேட்கும் பார்வை. கிட்டே போனால் மண்ணும் இலையும் தட்டைத் தூரிகையின் சதுரச் சதுரமான பூச்சுகளாகிவிடும். பிரெஞ்சு ஓவியர் பாஸ்தியன் லெபாஜிடமிருந்து 'கிளாஸ்கோ இளைஞர்கள்' என்ற கத்ரியின் ஓவியர் குழு எடுத்துக்கொண்ட முறை அது.

அப்புறம் கத்ரி உருவப்படங்கள் பக்கம் போய்விட்டார். 1902இல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் தலைவர், மறு வருடம் சர் பட்டம். முதல் உலகப் போர்க்காலத் தலைவர்களை வைத்து அவர் வரைந்த மிகப்பெரிய ஓவியம் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. சர்ச்சில் மேல் வெளிச்சம் விழுகிறது. பிகானேர் மகாராஜா கங்கா சிங்கும் அதில் இருக்கிறார். திறமைக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அந்தப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும்விட, கத்தியோடு நிற்கும் அந்தப் பெண்ணைத்தான் அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார் என்று எனக்குப் படுகிறது. கிராமத்திலேயே இன்னும் பத்து வருடம் இருந்திருக்கலாம்.