ஆயில் சீல்: தண்டுக் கசிவுத்தடை

அனைவருக்கும் வணக்கம். ஆயில் சீல் என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> சீல் என்றால் முத்திரைதானே, எண்ணெய் முத்திரை என்று வைத்துவிடலாம்.

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முத்திரை என்றால் அரக்கில் பதிப்பது, பத்திரத்தில் குத்துவது, பரதத்தில் கை பிடிப்பது. எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் ரப்பர் வளையத்துக்கும் அதற்கும் என்ன உறவு? ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலைக்கும் போகிறது என்றால் அது அந்த மொழியின் பாடு. தொழிற்பயிற்சி மாணவர் பாடநூலில் எண்ணெய் முத்திரை என்று படித்தால் டப்பா மூடியில் ஒட்டிய லேபிள் என்றுதான் நினைப்பார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். வெளியே தகட்டுக் கூடு, அதன்மேல் பெரும்பாலும் ரப்பர் பூச்சு. இந்தப் பகுதி எஞ்சினில் உள்ள துளைக்குள் இறுகி உட்கார்ந்துவிடும், சுழலாது. உள்பக்கம் மெல்லிய ரப்பர் விளிம்பு, அது சுழலும் தண்டைத் தொட்டபடி நிற்கும். பெரும்பாலானவற்றில் அந்த விளிம்பின் முதுகில் ஒரு பொடிச் சுருள்வில் வட்டமாக ஓடும், ரப்பர் தேயத் தேய அதைத் தண்டின்மேல் அழுத்திக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. வில் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் ஒழுகும். முகத்தில் 35-50-8 என்பதுபோல எண்கள் இருந்தால், தண்டின் விட்டம், துளையின் விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில்.

இதில் முக்கியமானது, விளிம்பு தண்டை முழுக்க அடைப்பதில்லை. நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் உலர்ந்து கருகிவிடும். தண்டைச் சுழலவிட்டு எண்ணெயை மட்டும் நிறுத்துகிற பொருள் இது. அதனால்தான் அடைப்பான், மூடி என்று வந்த பரிந்துரைகளும் எனக்கு ஒட்டவில்லை. கசிவடை என்றும் ஒருவர் சொன்னார், அதைக் கசிவை அடைவது என்றும் படிக்கலாம், நேர் எதிர்ப்பொருள் ஆகிவிடும்.

> மசகுத் தடுப்பி?

மசகு என்றால் நமக்கு உராய்வைக் குறைக்கும் எண்ணெய், இலங்கைச் செய்திகளிலோ மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். இரு கரையிலும் புழங்க வேண்டிய சொல்லில் மசகை நுழைக்க வேண்டாம். சொல்லப்போனால் எண்ணெயே பெயரில் தேவையில்லை என்பது என் கருத்து. துணி துவைக்கும் எந்திரத்தில் இதே வகை வளையம் தண்ணீரைத் தடுக்கிறது. ஜெர்மானியர்களின் டிஐஎன் 3760 தரநிலையில் இதன் பெயரே தண்டு, கசியாமை, வளையம் என்ற மூன்றும் சேர்ந்ததுதான், எண்ணெய் பற்றிப் பேச்சே இல்லை. அங்கே பட்டறையில் சிம்மரிங் என்பார்கள், ஃபிராய்டன்பர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் உருவாக்கிய வளையத்தின் பெயர் அது. தோலில் தொடங்கி, 1930களிலேயே செயற்கை ரப்பருக்கு மாறியது.

ஆகவே என் பரிந்துரை தண்டுக் கசிவுத்தடை, பேச்சில் வெறும் கசிவுத்தடை.

> உலக்கைக்குப் போடுகிற பூண் போல, தண்டுப் பூண் எப்படி?

அருமையான சொல், ஆனால் இந்த இடத்துக்கு அல்ல. பூண் உலக்கையைக் கவ்விக்கொண்டு அதோடு சேர்ந்தே போகும். நம் வளையமோ நின்ற இடத்தில் நிற்க, தண்டு மட்டும் சுழல்கிறது. ஆனால் பூண் என்றே சொல்ல வேண்டிய பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. விளிம்பு ஓடி ஓடித் தண்டில் பள்ளம் விழுந்துவிட்டால், கால் மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள எஃகு உறை ஒன்றைத் தண்டின்மேல் ஏற்றுவார்கள். அது அச்சு அசலாகப் பூண்தான்.

வேலையை எழுதிப் பார்த்தால்தான் சொல் தேறுமா என்று தெரியும், பாருங்கள்: கார் கிளட்ச் வழுக்குகிறது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃபிளைவீலையும் கழற்றி, கிராங்க் தண்டில் கீறல் விழாமல் பின்பக்கக் கசிவுத்தடையை நெம்பி எடுக்கிறோம். பழையதன் இதழ், அதாவது அந்த ரப்பர் விளிம்பு, கெட்டியாகி, வளைத்தால் வெடிக்கிறது. தண்டில் இதழ் ஓடிய தடத்தை நகத்தால் வருடுகிறோம். நகம் மாட்டினால் புதுக் கசிவுத்தடை மட்டும் போட்டுப் பயனில்லை, பூண் ஏற்ற வேண்டும், அல்லது துளையில் இடம் இருந்தால் புதியதைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைக்க வேண்டும். ரப்பர் இதழ் என்றால் எண்ணெய் தடவி ஏற்றலாம். டெஃப்லான் இதழ் என்றால் பொதுவாக எண்ணெய் படாமல் உலர்ந்தபடியே ஏற்ற வேண்டும். அப்புறம் எஞ்சினின் காற்றுப்போக்கி வால்வையும் பார்த்துவிட வேண்டும், அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புதியதையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். சாமான் விலை சில நூறு ரூபாய்தான், கூலிதான் பெரிது, அதனால் இரண்டாம் முறை இறக்க வைக்கக் கூடாது.

படிக்கும்போது எங்கும் இடறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. விளிம்புக்கு உதடு என்பதைவிட இதழ் நன்றாக இருக்கிறது, வெளிப்பக்கம் இன்னொன்று இருந்தால் தூசி இதழ் என்றுவிடலாம். வால்வுத் தண்டுக்கும் இதே பெயர் பொருந்தும். கேஸ்கெட்டை இதில் கலக்க வேண்டாம், அது சுழலாத இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுங்கி இருப்பது, அதற்குத் தனியாகப் பேசுவோம். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இந்த இழையில் இருந்தால் சொல்லுங்கள்: சுருள்வில் வளையத்துக்கு உங்கள் ஊரில் ஏதாவது பேர் இருக்கிறதா? இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.