11 வருஷமா ஸ்கூல்ல கணக்கு டீச்சர், இப்போ பி.எட் காலேஜ் பக்கம் போலாமா?

வெண்ணாத்தங்கரை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப்பள்ளியில கணக்கு பி.டி. அசிஸ்டென்டா இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. எம்.எஸ்சி., எம்.எட். ரெண்டுலயும் 55 சதவீதத்துக்கு மேல இருக்கு. வருஷா வருஷம் பி.எட். ட்ரெய்னிங் பிள்ளைங்க எங்க ஸ்கூலுக்கு வராங்க. போன வருஷம் வந்த ஒரு பொண்ணு, நல்லா படிச்ச பொண்ணு, 8-ம் வகுப்புல பரப்பளவு நடத்தப் போயி பத்து நிமிஷத்துல பேச்சு நின்னுபோயி ஸ்டாஃப் ரூம்ல வந்து அழுதுச்சு. ரெக்கார்டு நோட்டு பார்த்தா அவ்வளவு அழகா எழுதியிருக்கு, லெசன் பிளான்ல ஒரு குறை சொல்ல முடியாது, ஆனா பிள்ளைங்க முன்னாடி எப்படி நிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அன்னைக்கு இருந்து எனக்கு இந்த யோசனைதான், டீச்சருங்கள உருவாக்குற வேலைக்குப் போகணும், முடிஞ்சா யுனிவர்சிட்டி வரைக்கும் போகணும்னு. வயசு 38. வீட்டுல அரசு வேலைய விட்டுட்டு என்னத்த தேடிப் போறேன்னு கேக்குறாங்க. என்ன பரீட்சை எழுதணும், வேலையில இருந்துக்கிட்டே பி.எச்.டி. பண்ண முடியுமா, எல்லாத்துக்கும் மேல அங்க போனா பிள்ளைங்கள விட்டு விலகிடுவேனா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

காரைக்கால் ஸ்காலர்:

அக்கா, நான் கல்வியியல்ல பி.எச்.டி. மூணாவது வருஷம். முதல்ல நெட் (காலேஜ் ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுங்க, எஜுகேஷன் சப்ஜெக்ட் கோடு 09. மொத்தம் 150 கேள்வி, மூணு மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. 2024ல இருந்து அந்த ரிசல்ட்டையே பி.எச்.டி. அட்மிஷனுக்கும் எடுத்துக்கறாங்க. வேலைய விட வேண்டியதே இல்ல, யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பார்ட் டைம் பி.எச்.டி. உண்டு, டிபார்ட்மென்ட்ல என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம்) மட்டும் வாங்கணும். குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, பொம்பளைங்களுக்கு அதுக்கு மேல 2 வருஷம் வரைக்கும் தராங்க. கைடு கிடைக்கிறதுதான் கஷ்டம், ஒரு ப்ரொஃபசர் ஒரே நேரத்துல 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4 பேருதான் எடுக்கலாம், அதனால காலியிடம் இருக்கான்னு இப்பவே போயி பேசி வைங்க. அரசு காலேஜ் போஸ்ட்டிங் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) மூலமாத்தான் வரும், ஒரத்தநாட்டுல அரசு கல்வியியல் கல்லூரி இருக்கு நம்ம பக்கத்துலயே. டயட் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) லெக்சரர் போஸ்ட்டும் பாருங்க, நாகைக்கு குருக்கத்தியில இருக்கு, உங்க மாதிரி ஸ்கூல் அனுபவம் உள்ளவங்களுக்கு அதுவும் பொருத்தமான இடம்.

பட்டுக்கோட்டைக்காரன்:

மேடம் கோவிச்சுக்காதீங்க, அரசு வேலைய விட்டுட்டு தனியார் பி.எட். காலேஜுக்கு மட்டும் போயிடாதீங்க. நான் நாலு வருஷம் ஒண்ணுல இருந்தேன், பேர் சொல்ல விரும்பல. பேங்க்ல ஒரு சம்பளம் போட்டு அதுல பாதிய கையில திரும்ப வாங்கிக்கிட்டாங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க, அத திரும்ப வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014 விதியில 100 சீட்டுக்கு பிரின்சிபாலோட சேத்து 16 ஆசிரியர் இருக்கணும். நாங்க இருந்தது ஆறு பேரு, மீதி பேரு பேப்பர்ல இருந்தாங்க. நீங்க பார்த்த அந்த பொண்ணு அழுததுக்கு காரணம் இங்கதான் இருக்கு. டி.ஆர்.பி. இல்லன்னா யுனிவர்சிட்டி, இந்த ரெண்டுல ஒண்ணு கையில வந்தப்புறம் ரிசைன் பண்ணுங்க.

ரிட்டயர்டு வாத்தியார், நன்னிலம்:

அம்மா, மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. நான் வேற ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

1979ல நன்னிலம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா ஆரம்பிச்சேன், ஆறு வருஷம். அப்புறம் பி.எட். காலேஜ் லெக்சரர், பார்ட் டைமா பி.எச்.டி., யுனிவர்சிட்டியில ரீடர் (இப்போ அசோசியேட்னு சொல்றத அப்போ ரீடர்னுதான் சொல்லுவாங்க), 2003ல ப்ரொஃபசர், அப்புறம் துறைத்தலைவர், 2017ல ரிட்டயர்டு. இப்போ ப்ரொஃபசர் ஆகணும்னா பி.எச்.டி.யோட 10 வருஷ அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரை, ரிசர்ச் ஸ்கோர் 120 வேணும்னு 2018 விதி சொல்லுது. அதெல்லாம் உழைச்சா வந்துடும். ஆனா அந்த கணக்குல ஸ்கூலுக்குப் போயி கடைசி பெஞ்சுல உக்காந்து ஒரு ட்ரெய்னீ பாடம் நடத்துறத பார்த்த நேரத்துக்கு மார்க்கே இல்ல. அதனாலதான் பல பேரு ப்ரொஃபசர் ஆன அன்னைக்கே ஸ்கூல் பக்கம் போறத நிறுத்திடறாங்க. நீங்க கேட்ட மூணாவது கேள்விக்கு பதில் இதுதான், விலகுறதும் விலகாததும் உங்க கையில இருக்கு, யாரும் வந்து உங்கள இழுத்துப் பிடிக்க மாட்டாங்க.

மைக்ரோ டீச்சிங் (சின்ன பாடத்த சில நிமிஷம் நடத்திப் பழகுறது) நீங்களும் பண்ணியிருப்பீங்க. 1960கள் ஆரம்பத்துல ஸ்டான்ஃபோர்டுல டுவைட் ஆலன் குழு கொண்டுவந்தது, அவரு பின்னாடி 1968ல மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டியில கல்வியியல் டீன் ஆனாரு. அங்க உண்மையான பிள்ளைங்கள உக்கார வச்சு, வீடியோ எடுத்து, திரும்பப் பாத்து திருத்தினாங்க. நம்ம ஊருக்கு வந்தப்போ 6 நிமிஷம் பாடம், 6 கருத்து, 12 திரும்பத் திட்டம், 6 மறுபாடம், 6 மறுகருத்துன்னு 36 நிமிஷமா அழகா வகுத்தாங்க, ஆனா பிள்ளைங்க போயிட்டாங்க. 22 வயசு ட்ரெய்னீங்களே ஆறாங்கிளாஸ் பிள்ளை மாதிரி உக்காந்து தெரிஞ்ச பதில தெரியாத மாதிரி சொல்றாங்க. எனக்கு அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் துறைத்தலைவர் ஆனதும் முதல் வேலையா பக்கத்து ஸ்கூல் ஹெச்.எம். கிட்ட கேட்டு சனிக்கிழமை எட்டு பிள்ளைங்கள வரவச்சேன், பெத்தவங்க சம்மதத்தோட, டிபன் குடுத்து. முதல் சனிக்கிழமையே அஞ்சு ட்ரெய்னீங்க திணறிட்டாங்க. நான் செஞ்சதுலயே நல்ல காரியம் அதுதான்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

2004 ஜூலை 16, கும்பகோணத்துல 94 பிள்ளைங்க தீயில போனாங்களே, அதுக்கு அடுத்த வாரம் என்னால லெசன் பிளான் வகுப்பு எடுக்க முடியல. அன்னைலேர்ந்து ட்ரெய்னிங் போற எல்லாருக்கும் முதல் நாள் வேலை, அந்த ஸ்கூல சுத்தி வந்து எத்தன கதவு, எந்தப் பக்கம் தொறக்குது, மாடிப்படி எவ்வளவு அகலம், சமையல் எங்க நடக்குதுன்னு எழுதிட்டு வரணும். அப்புறந்தான் பாடம்.

இப்போ அந்த அழுத பொண்ணுக்கு வரேன். பரப்பளவுன்னு சொன்னீங்க. லீ ஷுல்மன்னு ஒரு பேராசிரியர், டாக்டருங்க எப்படி யோசிச்சு நோய கண்டுபிடிக்கிறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு அப்புறம் டீச்சருங்க பக்கம் வந்தவரு. பாடம் தெரியுறது ஒரு அறிவு, சொல்லிக் குடுக்கத் தெரியுறது ஒரு அறிவு, இந்த பாடத்த இந்த பிள்ளைக்கு எப்படி புரிய வைக்கிறதுங்கறது மூணாவதா ஒரு அறிவுன்னு 1986ல எழுதினாரு. நம்ம டெல்டாவுல அதுக்கு உதாரணம் வயல்லயே கிடக்கு. ஒரு குழின்னா 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி, சுமாரா 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. இப்போ பிள்ளைங்ககிட்ட கேளுங்க, பக்கம் 12 அடியில இருந்து 120 அடி ஆனா நிலம் எத்தன மடங்கு ஆகும்னு. பத்து மடங்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அப்போ, உங்கப்பா ஒரு மாவுக்கு எத்தன குழின்னு சொல்லுவாருன்னு கேளுங்க. நூறுன்னு சொன்ன அந்த வாய் அப்படியே நிக்கும் பாருங்க, பக்கம் பத்து மடங்கு, நிலம் நூறு மடங்கு. கொரடாச்சேரி பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒரு ட்ரெய்னீ பையன் பார்முலாவ மூணு தடவ எழுதி தோத்துப்போயி நின்னப்போ, இடைவேளையில நான் இத சொன்னேன், அடுத்த பீரியட்லயே அவன் எடுத்த பாடத்த என்னால மறக்க முடியல. இந்த அறிவு 11 வருஷம் ஸ்கூல்ல இருந்த உங்ககிட்ட இருக்கு, நேரா எம்.எட்., பி.எச்.டி. முடிச்சுட்டு வர்றவங்ககிட்ட கம்மி. அதனால போங்கம்மா, கண்டிப்பா போங்க. 2015ல பி.எட். ரெண்டு வருஷம் ஆனப்போ ட்ரெய்னிங் 20 வாரம்னு வச்சாங்க, முதல் வருஷம் 4, ரெண்டாவது வருஷம் 16. அந்த 16 வாரத்துல பல ஸ்கூல்ல லீவு போட்ட டீச்சருக்கு பதிலா ட்ரெய்னீய வகுப்புல நிறுத்துறதோட சரி. அத மாத்துறதுக்கு உங்கள மாதிரி ஆளு காலேஜ் பக்கமும் வேணும்.

வெண்ணாத்தங்கரை டீச்சர்:

சார், படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். எங்க அப்பா மூணு மா குத்தகைக்கு ஓட்டினவரு, குழி கணக்கு சின்ன வயசுலயே தெரியும், ஆனா 11 வருஷத்துல ஒரு தடவகூட வகுப்புல எடுத்தது இல்ல. ஸ்காலர் தங்கச்சிக்கும் பட்டுக்கோட்டை அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. வேலைய விடல, நெட்டுக்கு அப்ளை பண்றேன், என்.ஓ.சி. பத்தி திங்கக்கிழமை ஹெச்.எம். கிட்ட கேக்குறேன். அந்த பொண்ணு நம்பர் இருக்கு, இப்போ ரெண்டாவது வருஷம், அதுக்கும் போன் பண்ணி வரச் சொல்லியிருக்கேன், ரெண்டு பேரும் சேந்து 8-ம் வகுப்புக்கு குழி-மா பாடம் எடுக்கப் போறோம். கிரவுண்ட்ல கயிறு கட்டி ஒரு குழி அளந்து காட்டலாம்னு இருக்கேன் சார், சணல் கயிறு போதுமா?

ரிட்டயர்டு வாத்தியார், நன்னிலம்:

சணல் வேணாம்மா. இப்போ மழை நாளு, நனைஞ்சா சுருங்கிடும், 12 அடி 12 அடியா இருக்காது. நைலான் கயிறு வாங்கி நாலு மூலைக்கும் நாலு முளைக்குச்சி அடிங்க. மூலைக்கு மூலை குறுக்கால ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, ரெண்டும் 17 அடிக்கு ஒரு சொட்டு குறைவா ஒண்ணா வந்தாதான் சதுரம், அத அந்த பொண்ணயே அளக்கச் சொல்லுங்க.