குழுவோடு வெளிநாட்டுக் காட்டுக்குப் போனவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஆற்றங்கரை:

நானே ஆரம்பிக்கிறேன். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து பதினெட்டுப் பேர், ஆசிரியர் இருவர், போர்னியோத் தீவில் இருக்கிற மலேசிய மாநிலமான சபாவுக்குப் போனோம். சண்டாக்கான், கொமாந்தோங் குகை, சுக்காவ், மூன்று இரவு. கொமாந்தோங் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். சுவர் முழுக்கக் கரப்பான்பூச்சி, வௌவால் எச்சம், அந்த நாற்றம். சரி, அது இல்லை விஷயம். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் விஷயம்.

கினாபாத்தாங்கான் ஆற்றோரம் யானைக் கூட்டம் வந்திருக்கிறது என்று காலையிலேயே விடுதிக்கு விடுதி செய்தி பரவிவிட்டது. வால் நுனி தரையைத் தொடுகிற அந்தச் சின்ன போர்னியோ யானைகள். நாலரை மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே ஏழெட்டுப் படகுகள் நின்றன. கூட்டம் கரையில் புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. திடீரென்று ஒரு பெண் யானை தண்ணீரில் இறங்கியது. பின்னாலேயே குட்டி. அம்மாவின் விலாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தும்பிக்கை நுனி மட்டும்தான் வெளியே.

எங்கள் படகோட்டி மோட்டாரை அணைத்துவிட்டு ஒதுங்கியே இருந்தார். நான் முன்வரிசை. "அபாங், டெக்காட் சிக்கிட்" என்றேன். அண்ணே, கொஞ்சம் கிட்டே. எனக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொற்களில் மூன்று அவை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பால் ஒரே ஒரு தள்ளு.

எங்கள் படகு நகர்ந்ததைப் பார்த்துப் பக்கத்துப் படகு நகர்ந்தது. அதைப் பார்த்து அடுத்தது. அரை நிமிடத்தில் எதிர்க்கரைப் பக்கம் வேலி அடைத்த மாதிரி ஆகிவிட்டது. பாதி ஆறு வந்த அம்மா யானை அப்படியே திரும்பியது. குட்டிக்கு அது புரியவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. தும்பிக்கை நுனி உள்ளே போனது, வந்தது, மறுபடி போனது.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. 47 வினாடி. அதில் என் குரல் தெளிவாகக் கேட்கிறது. 2018 மார்ச்சில் எடுத்தது, இதுவரை ஒருவருக்கும் அனுப்பவில்லை.

ஜோகூர் நீலா:

ஆற்றங்கரை, நாங்களும் சபாதான், ஆனால் செபிலோக். 1964இலிருந்து அனாதை ஓராங் ஊத்தான்களை வளர்த்துக் காட்டுக்குத் திருப்பி அனுப்புகிற இடம், உங்களுக்கே தெரியும். காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்து நாங்கள் திரும்பும்போது மரப்பாதையின் கைப்பிடிக் கம்பி மேல் ஒரு பெண் ஓராங் ஊத்தான் நடந்து வந்தது. பணியாளர் எல்லாரையும் பின்வாங்கச் சொல்கிறார். பின்னால் நிற்கிறவர்களோ படம் எடுக்க முன்னால் தள்ளுகிறார்கள். பாதை அகலம் அவ்வளவுதான்.

அப்போது என் தோழி தும்மினாள்.

அவளுக்கு இரண்டு நாளாகச் சளி. உடம்பு சரியில்லாதவர்கள் வர வேண்டாம், மனிதச் சளி அவற்றுக்கும் ஒட்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். டிக்கெட் வாங்கியாயிற்று, பஸ்ஸில் தனியாக உட்கார வைக்க முடியுமா என்று நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஓராங் ஊத்தான் நின்று அவள் முகத்தைப் பார்த்தது. எனக்கு ஒரு கை தூரம். கம்பியைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் நகம் நடுவே பிளந்து கறுத்திருந்தது, ரப்பர் மரம் சீவின எங்கள் பாட்டிக்கு இருந்த மாதிரியே. பிறகு போய்விட்டது. அதற்கு ஏதாவது ஆயிற்றா என்று யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது?

வால்பாறைக்காரன்:

ஆற்றங்கரை தம்பி, இதைப் போட்டு மனசை உழப்பிக்கொள்ள வேண்டாம். யானைக்குட்டி நன்றாக நீந்தும். தும்பிக்கை உள்ளே போய் வெளியே வருவது சாதாரணம். தேயிலைக்குள் யானை நிற்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போனவன் சொல்கிறேன். படகோட்டி வேண்டாம் என்று நினைத்திருந்தால் நகர்த்தியிருக்க மாட்டார்.

என் கதை நேபாளம், சித்வான் தேசியப் பூங்கா. எங்கள் விலங்கியல் துறையிலிருந்து பன்னிரண்டு பேர். கோரக்பூர் வரை ரயில், சுனௌலி எல்லை, அப்புறம் சௌராஹா. விடியற்காலையில் ராப்தி ஆற்றை மரம் குடைந்த ஓடத்தில் தாண்டி நடை. வழிகாட்டிகள் இரண்டு பேர், கையில் கம்பு மட்டும். புறப்படும் முன் பாடம் எடுத்தார்கள். கரடி வந்தால் எல்லாரும் ஒட்டி நின்று கத்த வேண்டும். புலி வந்தால் அதன் கண்ணைப் பார்த்தபடியே பின்னால் நகர வேண்டும். காண்டாமிருகம் வந்தால் மரம் ஏற வேண்டும், மரம் இல்லாவிட்டால் வளைந்து வளைந்து ஓட வேண்டும், அதற்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டோம்.

யானைப்புல் ஆள் உயரத்துக்கு மேல். ஒன்றும் தெரியாது. முதலில் மூச்சுதான் கேட்டது, கொல்லன் துருத்தி மாதிரி. அப்புறம் புல் விலகி ஒற்றைக் கொம்பு. பதினைந்தடி இருக்கும். "ஏறு, ஏறு" என்று வழிகாட்டி அதட்டினார். எனக்குக் கிடைத்தது இளம் இலவ மரம். இலவ மரத்தை இளசில் பார்த்திருக்கிறீர்களா? அடியிலிருந்தே முள். கட்டிப்பிடித்தேன், வழுக்கினேன், கீழே ஒரு தோள் அகப்பட்டது, மிதித்து ஏறிவிட்டேன். யார் தோள் என்று பார்க்கவில்லை. காண்டாமிருகம் காதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, அது பாட்டுக்குப் புல்லுக்குள் போய்விட்டது.

இறங்கிய பிறகுதான் பார்த்தேன். பேராசிரியர். வெள்ளைச் சட்டையின் இடது தோளில் என் ஷூ அச்சு, பள்ளம் பள்ளமாக. ஐயா ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடைக்கவும் இல்லை. அன்றைக்கு முழுக்க அதே சட்டையோடு நடந்தார். 2021 கணக்கெடுப்பில் சித்வானில் மட்டும் 694 காண்டாமிருகம் என்று செய்தி வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. எனக்குத் தோள்தான் ஞாபகம் வந்தது.

அட்டைக்கடி:

என் அனுபவம் சின்னது. சபாவின் டானும் பள்ளத்தாக்குக் காடு, பல்கலைக்கழகக் குழு, காதுக்குப் பின்னால் அட்டை, இரவுச் சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்தவள் அலறியபோதுதான் தெரிந்தது. முடிந்தது.

ஆனால் இங்கே ஒருவரும் அட்டையைப் பற்றிப் பேசவில்லை, போகப் போகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அங்கே இரண்டு வகை. பழுப்பு அட்டை தரையில், கடித்தால் தெரியாது. புலி அட்டை இலையில், இடுப்புயரத்தில் காத்திருக்கும், கடித்தால் சுருக்கென்று தெரியும். அதனால் காலுறை போட்டால் பாதிப் பிரச்சினைதான் தீரும். அட்டைக் காலுறை என்று முழங்கால் வரை நெருக்கமான துணியில் தைத்து விற்கிறார்கள், அதைப் பேன்ட்டுக்கு மேல் இழுத்துக் கட்ட வேண்டும். சட்டையைப் பேன்ட்டுக்குள் விட வேண்டும். வெளிர் நிறம் போடுங்கள், ஊர்ந்து வருவது தெரியும். கறுப்புச் சட்டை போட்டு வந்த ஒரு பையன் கழுத்து வரை ஏறிய பிறகுதான் பார்த்தான்.

கடித்துவிட்டால் உப்பு, லைட்டர், புகையிலைச் சாறு எதுவும் வேண்டாம். தாத்தா செய்தார் என்று சொல்லாதீர்கள். அது குடித்ததைப் புண்ணிலேயே கக்கிவிட்டு விழும், சீழ் பிடிக்கும். மெல்லிய முனைதான் வாய், அதன் ஓரத்தில் நகத்தை நுழைத்து நெம்புங்கள், பிறகு மறுமுனை. இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை ஏற்றிவிடுவதால் மணிக்கணக்கில் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. துண்டுத் துணியை அழுத்தி ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

அப்புறம் மலேரியா. சபாவில் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வருகிற ஒரு வகை உண்டு, நோலசி என்பார்கள். ஊர் திரும்பிக் காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். படகில் போகும்போது கையைத் தண்ணீரில் அளையாதீர்கள், கினாபாத்தாங்கான் ஆற்றில் முதலை உண்டு. குழுத்தலைவர்கள் தலையை எண்ணக் கூடாது, ஆளுக்கு ஒரு எண் கொடுத்து அவர்களையே சொல்ல வைக்க வேண்டும். இருட்டில் எண்ணினால் மரத்தையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள்.

ஜோகூர் நீலா:

அண்ணே, யாரும் கேட்கவில்லையே.

அட்டைக்கடி:

கேட்ட பிறகு சொன்னால் அட்டை காத்திருக்காது.

செம்பனைப்பேத்தி:

வால்பாறைக்காரன் அண்ணன் படகோட்டியைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு அன்றைக்குக் கூலி படகில் இருக்கிறவர்கள் கையில். கிட்டே போகாவிட்டால் விடுதிக்குத் திரும்பியதும் புகார் வரும். "வேண்டாம்" என்று சொல்கிற வசதி எல்லாருக்கும் இருக்காது.

இன்னொன்று. அந்த ஆற்றில் யானை, நீள்மூக்குக் குரங்கு, இருவாச்சிப் பறவை எல்லாம் ஒரே நாளில் கண்ணில் படுகிறதே, அது காடு செழித்துக் கிடப்பதால் என்று நினைக்காதீர்கள். ஆற்றோரம் மெல்லிய நாடா மாதிரிதான் காடு மிச்சம். 2005இல் சரணாலயம் ஆக்கியது சுமார் 26,000 ஹெக்டேர், அதுவும் ஒரே துண்டாக இல்லை. நாடாவுக்கு வெளியே எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனை. யானைக்கு நடக்க வேறு இடம் இல்லை, அதனால் ஆறு தாண்டுகிறது. 2013இல் சபாவின் குனுங் ராரா காட்டில் 14 யானைகள் செத்துக் கிடந்தது நினைவிருக்கும், விஷம் என்று சந்தேகப்பட்டார்கள்.

நான் பேராக்கில் செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பாட்டி குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிய காசில்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் குழு சண்டாக்கானிலிருந்து பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் செம்பனை, முடியவே இல்லை. "இந்த மரம்தான் வில்லன்" என்றார் விரிவுரையாளர். எல்லாரும் ஜன்னல் வழியே உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன்.

இரவு திரும்பி வரும்போது வண்டி விளக்கில், வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் மேல் ஒரு சிறுத்தைப்பூனை. வாயில் எலி, வால் மட்டும் தொங்குகிறது. மேலெல்லாம் புள்ளி, கண் இரண்டும் பச்சை. ஒரு முழு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டுத் தின்றது. எலிக்காக அவை தோட்டத்துக்குள் நன்றாகவே பிழைக்கும். விடுதியில் அன்றைய விலங்குப் பட்டியல் எழுதும்போது நான் அதைச் சொன்னேன். "அது காட்டில் பார்த்ததில்லையே" என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. மொத்தம் 31 உயிரினம் என்று குழுப் படத்துக்குக் கீழே போட்டோம். 32.

வால்பாறைக்காரன்:

தங்கச்சி சொல்வது சரி. படகோட்டி விஷயத்தில் நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். யானை நீந்தும் என்றது மட்டும் அப்படியே நிற்கிறது.

புதுவரவு:

எல்லாம் படித்தேன். ஆற்றங்கரை அண்ணா, குட்டி கரை சேர்ந்ததா இல்லையா? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

ஆற்றங்கரை:

இதைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அம்மா திரும்பிய திசையில்தான் குட்டியும் கடைசியில் திரும்பியது. அதுவரைதான் வீடியோ. கரையோரப் புல் தண்ணீருக்குள் சரிந்து கிடந்த இடம், ஏறியதைப் பார்த்தேனா என்றால் பார்க்கவில்லை. இருட்டத் தொடங்கிவிட்டது, படகுகள் திரும்ப வேண்டிய நேரம். வழி முழுக்க எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் படம் காட்டிக்கொண்டு வந்தார்கள். படகோட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

செம்பனைப்பேத்தி, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு அவர் திரும்பிப் பார்த்த பார்வை வேறு மாதிரி தெரிகிறது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலைச் சவாரியில் எங்களுக்குக் காட்ட வேண்டியது இருவாச்சி. நாங்கள் கேட்காமலே படகோட்டி படகை முதலில் அந்தக் கரைக்கு விட்டார். மோட்டாரை அணைத்துவிட்டு எழுந்து நின்று சேற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரவு எங்கோ மேலே மழை, தண்ணீர் இரண்டடி ஏறி இறங்கியிருந்தது. சேறு வழித்துப் பூசிய மாதிரி மொழுமொழுவென்று கிடந்தது. ஒரு தடமும் இல்லை, பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. அவர் உட்கார்ந்து மோட்டாரை இழுத்தார். இரண்டாம் இழுப்பில்தான் பிடித்தது.