கிராமும் மில்லியும் ஒன்று என்று நினைத்து மாட்டிக்கொண்ட கதைகள்

கல்லூரி முதலாண்டில் நடந்தது. 1 நார்மல் கந்தக அமிலம் (லிட்டருக்கு 49 கிராம் அமிலம் உள்ள கரைசல்) ஒரு லிட்டர் தயார் பண்ணி வை என்று சொல்லிவிட்டு லேப் சார் போய்விட்டார். 49 கிராம் அமிலம் வேண்டும், பாட்டிலில் இருப்பது 98 சதவீதம், ஆக 50 கிராம். இதுவரை கணக்கு சரி. அப்புறம் அளவுருளையில் 50 மில்லி அளந்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். தண்ணீரையே அளந்து பழகிய கை, கிராம்தான் மில்லி என்று தானே முடிவு பண்ணிவிட்டது. தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி (இதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்), ஆறவிட்டு, லிட்டர் கோடு வரை நிரப்பி, அதில் 10 மில்லி எடுத்து 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தைப் பியூரெட்டிலிருந்து (அளவு குறித்த குழாய்) சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேஷன் போட்டால், 10 மில்லியில் மாறவேண்டிய நிறம் 10 தாண்டியும் மாறவில்லை. 12, 15... 18.4-இல்தான் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. காரம்தான் கெட்டுப்போயிருக்கும் என்று அதைப் புதிதாகக் கரைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் 18.4. பாட்டிலை அலமாரியில் வைக்கப் போகும்போதுதான் லேபிள் கண்ணில் பட்டது: அடர்த்தி 1.84, அதாவது ஒரு மில்லி 1.84 கிராம். நான் வகுக்க மறந்த எண்தான் பியூரெட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது! 50-ஐ 1.84-ஆல் வகுத்து 27.2 மில்லி ஊற்றியிருந்தால் போதும். உங்கள் கதைகளையும் எழுதுங்கள், நான் மட்டும் தனியாக அசிங்கப்பட முடியாது.

*

நண்பரே, நீங்கள் அடர்த்தியை மறந்தீர்கள், நான் மறக்காமலே மாட்டினேன். மீன் தொட்டிக்கு அடியில் மணல் போட 80 செ.மீ. நீளம், 40 அகலம், 5 உயரம், மொத்தம் 16 லிட்டர். அடர்த்தி அட்டவணையில் குவார்ட்ஸ் (மணலில் இருக்கும் கனிமம்) 2.65 என்று இருந்தது, பெருக்கி 42 கிலோ வாங்கிவிட்டேன். 26 கிலோ போட்டதுமே கோடு வரை வந்துவிட்டது. அந்த 2.65 கெட்டியான கல்லுக்கு. மணல் என்றால் நடுவில் காற்றும் இருக்கிறதே, லிட்டருக்கு 1.6 கிலோ அளவில்தான் வரும். தொட்டியைத் தட்டினால் இன்னும் கொஞ்சம் அமுங்கும், ஆக அந்த எண்ணும் நிலையில்லை. மிச்ச மணல் இன்றைக்கும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.

*

பெருக்கணுமா வகுக்கணுமா என்பதில்தான் எனக்கு எப்போதும் தடுமாற்றம். எத்தனால் 100 கிராம் தேவை, அடர்த்தி 0.789, பெருக்கி 79 மில்லி எடுத்தேன், எடுத்திருக்க வேண்டியது 127. தண்ணீரைவிட லேசான சரக்கு என்றால் மில்லி எண்ணிக்கை கிராமைவிடக் கூடுதலாக வந்தாக வேண்டும் என்று இப்போதெல்லாம் முதலில் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அதற்கப்புறம்தான் கால்குலேட்டரைத் தொடுகிறேன்.

*

விமானப் பராமரிப்புப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும், டேங்கில் 7,682 லிட்டர் இருக்கிறது, எண் 1.77, இன்னும் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்? வகுப்பில் பாதிப் பேர் (நானும்தான்) 4,900 சொச்சம் என்று எழுதினோம். அப்புறம்தான் கதையைச் சொன்னார்கள். 1983 ஜூலை 23, கனடாவில் ஒரு போயிங் 767-க்கு இதே கணக்கைப் போட்டு 4,916 லிட்டர்தான் ஊற்றியிருக்கிறார்கள். 1.77 என்பது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பது. கிலோவில் அது சுமார் 0.8. உண்மையில் 20,000 லிட்டருக்கு மேல் ஊற்றியிருக்க வேண்டும். நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கியபடியே இறக்கினார்கள், யாரும் சாகவில்லை. எங்கள் கேள்வித்தாளில் 1.77-க்குப் பக்கத்தில் வேண்டுமென்றேதான் அலகு போடாமல் விட்டிருந்தார்கள்.

*

நான் கணக்கே போடவில்லை, கைதான் போட்டது. பாதரசம் கால் லிட்டர் பாட்டில், சின்னதுதானே என்று ஒற்றைக் கையால் அலட்சியமாகத் தூக்கப் போனேன். பாட்டில் மேசையோடு ஒட்டியிருக்கிறது என்றே நினைத்தேன். 3.4 கிலோ!